சாரலில் மட்டும் தெரிந்த தடம்

"குற்றாலம், பாவூர் வீடு. உள்ளறைத் தளம் வெளுத்திருக்கிறது. வெளுப்புக்கு நடுவே கால் தடம். நம் ஆட்களுடையது அல்ல."

கொல்லம் ஆண்டு 1111, ஆனி மாதத்தில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. ஆங்கிலக் கணக்கில் 1936. பஞ்சாங்கத்தில் தாது வருடம். மூன்று கணக்கையும் சேர்த்தே எழுதுவது என் வழக்கம். எங்கள் பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவர் ஒரு கணக்கில் சொல்வார், ரயில்வேக்காரர் இன்னொன்றில் சொல்வார், கல்யாணப் பேச்சில் மூன்றாவது வரும். பிற்பாடு எது முந்தியது, எது பிந்தியது என்று பார்க்க நேரும்போது இந்தச் சிரமம் கைகொடுக்கும். இங்கே நான் சொல்லப்போகும் விஷயத்தில், எது முந்தியது என்ற அந்தக் கேள்வியை நம்பித்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கை இருந்தது.

தளவேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணெய் எத்தனை பூச்சு, மெழுகில் டர்பன்டைன் எவ்வளவு என்பதையெல்லாம் இரண்டு வீடு செய்தால் உங்கள் கையே சொல்லிவிடும். அதை எழுதப்போவதில்லை. கைக்குத் தெரியாத ஒன்றிரண்டு உண்டு. அவற்றுக்காக இந்த வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

சுட்ட மண் ஓடு பாவிய தளம் தாகம் உள்ளது. முதலில் எது மேலே விழுகிறதோ அதைக் குடித்துவிடும். தண்ணீரைக் குடித்தால் காய்ந்து விட்டுவிடும். எண்ணெயைக் குடித்தால் விடாது. நாம் ஆளிவிதை எண்ணெய் போட்டு, காயவைத்து, மேலே தேன்மெழுகு தேய்ப்பது அந்தத் தாகத்தை நல்ல விதமாகத் தீர்த்துவைக்கத்தான். அதற்குப் பிறகு காபி கொட்டினாலும் குங்குமம் சிந்தினாலும் துணியோடு வந்துவிடும். எங்கள் காலத்தில் முதல் பூச்சு எண்ணெயிலேயே காவிப்பொடியைக் கலந்து தேய்ப்போம். சூளையில் வெந்த ஓடு ஒன்றுபோல் ஒன்று இராது. காவி சேர்த்தால் தளம் முழுவதும் ஒரே செம்மையாக வரும். ஓட்டில் முன்பே ஏதாவது கறை இருந்தாலும் அதோடு மறைந்துவிடும். இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர்கள் கீழப்பாவூரில் நல்ல நஞ்சை உள்ள குடும்பம்; அதனால்தான் குறிப்பில் பாவூர் வீடு. கணவர் இறந்த பிறகு வயலையும் வரவையும் உலகம்மாள் என்ற அம்மாளே பார்த்துவந்தார். சாரல் மாதங்களில் குற்றாலத்தில் தங்க அவருக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. அருவிக்குப் போகும் பாதையை விட்டு விலகி, பலாவும் புன்னையும் அடர்ந்த ஒரு பழைய தோப்பை வாங்கி, மரங்களை வெட்டிச் சமனாக்கிக் கட்டினார். ஓடு கொல்லத்திலிருந்து செங்கோட்டை வழியாக ரயிலில் வந்தது. பாவி முடிந்ததும் ஓடு காய்வதற்காக வீட்டைப் பூட்டிப்போட்டார்கள். சாவி கீழப்பாவூரில் இருந்தது. மாசி மாதம், நல்ல வெயிலில், நானும் என் கூட்டாளி மாடசாமியும் இன்னும் மூன்று ஆண்களும் போய் எண்ணெயும் மெழுகும் போட்டுக் கொடுத்தோம். பங்குனியில் பால் காய்ச்சினார்கள். வைகாசியில் ஒரே மகன் சங்கரலிங்கத்துக்குக் கல்யாணம். பெண் திருவேங்கடத்துப் பக்கம். பெயர் கோமதி. ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் புதுப்பெண்ணோடு எல்லோரும் குற்றாலத்து வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த மாதத்திலேயே சங்கரலிங்கம் சைக்கிளில் தென்காசிக்கு வந்து என் வீட்டு வாசலில் இறங்கினான். சட்டை முழுவதும் நனைந்திருந்தது.

"மேஸ்திரி, ஒங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாவ அம்மை."

"ஓடு எதுவும் பேந்துட்டா?"

"பேரல." சட்டை நுனியைப் பிழிந்தான். "நீங்களே வந்து பாருங்க."

மாடசாமி பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். "மெழுகு வழுக்கி யாரும் விழுந்துட்டாவளோ? அப்படின்னா எங்க கைவேலைக்கு நல்ல பேருதான் தம்பி."

சங்கரலிங்கம் சிரிக்கவில்லை.

நாங்கள் போனபோது மலை தெரியவில்லை. மேகம் தோப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. கூடத்துத் தளம் லேசாக மங்கியிருந்ததே தவிர ஒழுங்காக இருந்தது. அதைத் தாண்டி உள்ளறை. புதுத் தம்பதிக்கு ஒதுக்கியிருந்த அறை அது. சாத்தியிருந்த கதவை உலகம்மாள் தள்ளினார்.

தளம் சாம்பல் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது. அந்த வெளுப்பின் நடுவே, அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறி வந்த ஒருத்தி நடந்து போனதுபோல், கருஞ்சிவப்பில் கால் தடங்கள். சின்னக் கால்கள். குதிகாலும் முன்பாதமும் விரல்களும் தெளிவாகப் பதிந்திருந்தன. இரண்டாம் விரலுக்கும் பாதத்துக்கும் நடுவே மட்டும் ஒரு சிறு இடைவெளி. மெட்டி போட்ட கால். கதவில் தொடங்கி, விரல்கள் ஈசான மூலையைப் பார்த்தபடி, ஒரே வரிசையாகப் போய் அந்த மூலையில் முடிந்தன. முடிந்த இடத்தில் ஒரு தாம்பாளம் அளவுக்கு வட்டமாகக் கருத்திருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

மாடசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குனிந்து ஒரு தடத்தைத் துடைத்தான். பிறகு துண்டைப் புரட்டிப் பார்த்தான். என்னிடம் நீட்டினான்.

"ஈரம் இல்லவே" என்றான் மெதுவாக.

துண்டு காய்ந்திருந்தது. தடம் அப்படியே இருந்தது.

"தொடச்சாப் போவாது" என்றார் உலகம்மாள். "தேச்சாலும் போவாது. வெயிலு வந்தா இருக்கிற எடம் தெரியாது. சாரலு விழுந்தா எந்திரிச்சு வந்துரும். இவா இந்த வீட்டுக்குள்ள காலு வச்ச நாளையில இருந்து இப்படித்தான்."

'இவா' என்று அவர் சொன்ன பெண் அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரி. கரிசல் காட்டில் வளர்ந்தவள். இப்படி ஒரு மாதம் முழுக்கத் தூறிக்கொண்டேயிருக்கும் ஊரைப் பார்த்திருக்க மாட்டாள்.

"ஏட்டி, இங்கன வா. காலை வச்சுக் காட்டு."

கோமதி வந்தாள். பழகிவிட்ட காரியம்போல், சேலையைச் சற்றுத் தூக்கி, கதவருகே இருந்த முதல் தடத்தின் மேல் வலது காலை வைத்தாள். குதிகால், விரல், மெட்டியின் இடைவெளி எல்லாம் பொருந்தின. வெளியே ஒரு கோடு தெரியவில்லை. காலை எடுத்துக்கொண்டு பழையபடி நிலைப்படிக்குப் போய்விட்டாள்.

"பாத்தீரா? நா ஒண்ணும் கத கட்டல. காட்டுல இருந்து எதையோ கூட்டிட்டு வந்திருக்கா. இவா தூங்கையில அது நடக்குது. வெள்ளிக்கெழம பேயோட்டக் கோடாங்கி வாறான். அவன் பாத்து முடிச்சதும் இவள அவுக அப்பன் வீட்டுல கொண்டு விட்டுறது. நீரு அதுக்குள்ள இந்த ஓட்டையெல்லாம் வெட்டி எடுத்துட்டு வேற ஓடு பாவிரணும். இவா போன பொறவு இவா காலு இங்கன கெடக்கக் கூடாது."

சங்கரலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பேய் பிடித்தவள் என்று ஒருத்தியைத் திருப்பி அனுப்பினால், அப்புறம் யாரும் போய் அழைத்துவரப் போவதில்லை. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்த நினைக்கிறேன். எனக்குக் கொடுத்த வேலை சுலபமானது. வெட்டு, எடு, பாவு. வீட்டுக்காரர் சொல்கிறார், மீதி ஓடு கொல்லையில் அடுக்கியிருக்கிறது, கையில் உளி இருக்கிறது. வெளியே வந்ததும் மாடசாமியும் அதையே சொன்னான்.

"வெட்டிட்டுப் போயிருவோம்வே. இது நம்ம தொழிலு இல்ல. கோடாங்கி தொழிலு. அவன் சோத்துல நாம எதுக்கு மண்ணப் போடணும்?"

"அந்தத் தடம் மெழுகுக்கு மேல இருக்கா, கீழ இருக்கா?"

"எங்க இருந்தா நமக்கு என்ன?"

"கீழ இருந்தா நமக்கு முந்துனது. மேல இருந்தா பிந்துனது."

அவன் பீடியைக் கீழே போட்டான். "கீழதான் இருக்கு. துண்டுல வரலையே." சற்று யோசித்துவிட்டு, "எனக்கு அதுதான்வே பயமா இருக்கு" என்றான்.

கறை பெரிதா, காலக்கிரமம் பெரிதா என்று என்னைக் கேட்டால் காலக்கிரமம் என்பேன். ஒரு கறையை எடுப்பதற்கு முன்னால் அது உங்கள் பூச்சுக்கு முந்தியதா, பிந்தியதா என்று பாருங்கள். வெட்டி எறிந்துவிட்டால் அதைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அன்றைக்கு நான் வெட்டியிருந்தால் கோமதியின் பக்கம் பேசக்கூடிய ஒரே சாட்சியை என் கையாலேயே உடைத்திருப்பேன்.

உள்ளே திரும்பிப் போய், கணப்புச் சட்டியில் கங்கு போட்டுக் கேட்டேன். அதை ஒரு தடத்தின் அருகே வைத்துவிட்டுக் காத்திருந்தோம். சூடு பட்ட இடத்தில் வெளுப்பு மெல்லப் பின்வாங்கியது. தளம் செம்மைக்குத் திரும்பியது. தடம் அந்தச் செம்மைக்குள் கலந்து காணாமல் போனது. சட்டியை எடுத்துவிட்டு, மேகம் உள்ளே வரும்படி ஜன்னலைத் திறந்துவைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஓரங்களிலிருந்து வெளுப்பு ஊறி வந்தது. நடுவில் அந்தக் கால் மட்டும் வெளுக்காமல் நின்றது. முதலில் குதிகால், அப்புறம் விரல்கள். காரணம் பாதி புரிந்த பிறகும், அது ஒவ்வொரு விரலாகத் திரும்பி வந்ததைப் பார்த்தபோது என்னை அறியாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

காரணம் இதுதான். சாரல் நாளில் மண்ணிலிருந்து ஈரம் ஏறும். ஓட்டிலும் சுண்ணாம்பிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மெழுகுக்கு அடியில் வந்து நிற்கும். அதுதான் வெளுப்பு. தென்காசி வாசகசாலையில் ஒரு ரசாயனப் புத்தகத்தில் இதைப் படித்திருந்தேன். ஆனால் முன்பே வேறு எண்ணெயை ஆழமாகக் குடித்திருந்த இடத்தில் ஈரம் ஏறாது, வெளுப்பும் வராது. ஆக, தளம் வெளுத்தது, கால் வெளுக்கவில்லை. எண்ணெய்க் காலோடு யாரோ, ஓடு பாவியதற்குப் பிறகும் நாங்கள் மெழுகு போடுவதற்கு முன்னும், அந்த அறையில் நடந்திருக்கிறார்கள். எங்கள் காவிப்பூச்சு அதை மூடிவிட்டது.

மூலையில் கருத்திருந்த வட்டத்தின் ஓரத்தில் கத்தி முனையால் மெழுகைச் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். மாடசாமியும் குனிந்து முகர்ந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆளிவிதை எண்ணெய் வாசம் இல்லை. குளிக்கத் தேய்க்கும் நல்லெண்ணெய் வாசமும் இல்லை. இலுப்பெண்ணெய். கோயில் பிராகாரத்தில் விளக்கு அணைந்ததும் ஒரு வாசம் வருமே, அது.

அதை நான் வெளியே சொல்லவில்லை.

உலகம்மாளிடம் போய், "ஆச்சி, இது எண்ணெய்க் கால். நாங்க மெழுகு போடுததுக்கு முந்தி உள்ளது" என்றேன்.

"நீரு சொல்லுவீரு. ஒம்ம வேலைல கோளாறு வந்துட்டுன்னு ஒத்துக்கிடுவீராக்கும்?"

"வெள்ளிக்கெழமைக்கு நாளு இருக்கு. ஒரு ஓட்டுல செஞ்சு காட்டுதேன். பொய்யாப் போனா நானே வெட்டித் தாரேன். ஆனா இதுக்கு ஒரு கால் வேணும்."

சங்கரலிங்கம் தன் கால்களைப் பார்த்துக்கொண்டான். கோமதி நிலைப்படியிலிருந்து, "நான் வைக்கேன்" என்றாள்.

"ஒங்க கால் வேண்டாம் தாயி. ஆச்சி கால்தான் வேணும்."

"என் காலா? எனக்கு என்ன பேயா புடிச்சிருக்கு?"

"இல்லல்லா. அதுக்குத்தான் கேக்கேன்."

மாடசாமி சட்டென்று தோப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. உலகம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மனையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காலை நீட்டினார். மருமகளைத்தான் எண்ணெய் தடவச் சொன்னார். கோமதி குனிந்து மாமியார் பாதத்தில் எண்ணெய் தடவினாள். கொல்லையிலிருந்து எடுத்துவந்த புது ஓட்டில் அவர் காலை ஊன்றி எடுத்தார்.

அதற்கு மேல் நாங்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தோம். காவி கலந்த எண்ணெய், அனலில் காட்டி உலர்த்தல், மெழுகு, தேங்காய் நார்த் தேய்ப்பு. முடித்தபோது ஓடு ஒரே செம்மையாக இருந்தது. உலகம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க என் கால்?" என்றார். "வரும் ஆச்சி" என்றேன். ஈரச் சுண்ணாம்பும் மணலும் பரப்பி, அதன் மேல் ஓட்டை வைத்து, சாரல் காற்று படும் இடத்தில் விட்டுவிட்டுத் தென்காசிக்கு வந்தோம்.

வியாழக்கிழமை காலை நாங்கள் போனபோது மூன்று பேரும் ஓட்டைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஓடு வெளுத்திருந்தது. நடுவில் அகலமான ஒரு பாதம், சுண்டுவிரல் உள்ளே மடங்கியபடி, செக்கச்செவேலென்று எழுந்திருந்தது.

முதலில் சிரித்தது சங்கரலிங்கம்தான். "எம்மா, ஒங்க சுண்டுவெரலு. அப்படியே இருக்கு."

உலகம்மாள் சிரிக்கவில்லை. தன் காலையும் ஓட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பம் இவா வாறதுக்கு முந்தியே அது இங்கன இருந்திருக்கு."

"மாசியில நாங்க மெழுகு போட்டது. இவுக கழுத்துல தாலி ஏறுனதே வைகாசியில."

அவர் மனையில் உட்கார்ந்தார். மகனிடம், "கோடாங்கிக்கு ஆளு அனுப்பு. வர வேண்டாம்னு சொல்லிரு" என்றார். அப்புறம் மருமகளைப் பார்க்காமலேயே, "ஏட்டி, மேஸ்திரிமாருக்கு சுக்குக் காபி போடு" என்றார். அந்த வீட்டில் மன்னிப்பு என்பது அவ்வளவுதான்.

ஆனால் எழுந்து உள்ளே போகும்போது திரும்பி நின்று கேட்டார்: "சரி, அப்பம் அது யாரு காலு?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். ஏனென்றால் தடத்தை அதற்குள் நான் ஒழுங்காகப் பார்த்துவிட்டேன்.

எண்ணெயை மிதித்து நடக்கிற கால், போகப்போக மங்கும். முதல் அடி ஆழமாகப் பதியும், கடைசி அடி தேய்ந்துபோகும். இங்கே விரல்கள் மூலையைப் பார்த்திருந்தன. ஆகவே கதவில் ஆழமாகவும் மூலையில் மங்கலாகவும் இருக்க வேண்டும். இருந்ததோ நேர்மாறாக. மூலையில் கருத்த வட்டம், அதையொட்டி அழுத்தமான அடிகள், கதவை நெருங்க நெருங்க மங்கல். அவள் மூலைக்கு நடந்து போனவள் இல்லை. மூலையில் எண்ணெயை மிதித்துவிட்டு, அந்த மூலையைப் பார்த்தபடியே, பின்னால் பின்னால் நடந்து கதவுக்கு வந்தவள்.

நமக்கு அந்த நடை புதிதில்லை. உள்சுவரில் தொடங்கி, பூசியதை மிதிக்காமல், கதவை நோக்கிப் பின்னால் போக வேண்டும் என்றுதான் எனக்கு வேலை பழக்கியவர் முதல் நாளே சொன்னார். ஆனால் எங்கள் ஆட்களில் பெண் யாரும் இல்லை. மெட்டி போட்டவர் இல்லவே இல்லை. வேறு யார் அப்படி நடப்பார்கள்? சன்னதியிலிருந்து சாமிக்கு முதுகு காட்டாமல் வருகிறவர்கள் நடப்பார்கள். எதையாவது கண்டு பயந்தவர்களும் அப்படித்தான் நடப்பார்கள். அங்கே இலுப்பெண்ணெய் இருந்தது. பழைய தோப்பு. வெட்டிச் சமனாக்கிய இடம். மரங்களோடு, விளக்கு வைத்துக் கும்பிட்ட ஏதோ ஒரு சாமியும் போயிருக்கலாம்.

இவ்வளவையும் சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமைக்குப் பதில் சனிக்கிழமை கோடாங்கி வந்திருப்பான். தெய்வக் குற்றம் என்று வைத்துக்கொண்டால் அதைத் தாங்குவதற்கும் ஒரு ஆள் வேண்டும். அந்த வீட்டில் அதற்கு ஒரே ஆள்தான் இருந்தாள்.

"ஓடு சுமந்த பொம்பள ஆளு யாராச்சும் எண்ணெய மிதிச்சிருக்கலாம் ஆச்சி" என்றேன். "இருக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு எழுத்தும் நான் சேர்க்கவில்லை.

"கூறுகெட்ட மூதியள்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

தளத்தை வெட்ட வேண்டாம் என்று ஆகிவிட்டது. கொல்லையில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது கோமதி டம்ளர் வாங்க வந்தாள். மாடசாமி தள்ளிப் போய் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, அது உள்ள போன கால் இல்ல" என்றாள்.

நான் டம்ளரை நீட்டினேன்.

"தெனமும் அது பக்கத்துலதான படுத்து எந்திரிக்கேன். கதவுகிட்ட வர வர மங்குதுல்லா. அங்கன இருந்துதான் அவ வந்திருக்கா. பின்னால வந்திருக்கா."

"நீங்க இத வீட்டுல சொல்லலையா?"

"எங்கிட்ட யாரு கேட்டா? கால வையின்னாவ. வச்சேன்." டம்ளரைக் கவிழ்த்து மிச்சத்தைக் கொட்டினாள். "நீங்களும் சொல்லாதீய."

"பயமா இல்லையா ஒங்களுக்கு?"

"மொதல்ல இருந்துது. பொறவு யோசிச்சுப் பாத்தேன். அவ வெளிய போனவதான? என்னப் பாத்து வரலையே."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். எனக்குத்தான் அந்த வார்த்தைக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் திரும்பிப் போய்ச் சாமான்களை எடுக்கக் கால் எழவில்லை. மாடசாமியை அனுப்பினேன். அவன், "நீரு போம்வே" என்றான். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து போனோம்.

நான் விசாரிக்காமல் விடவில்லை. பூட்டியிருந்த வீட்டுக்குள் யார் எப்படிப் போனார்கள் என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அஸ்திவாரம் தோண்டியவர்களில் விவரம் தெரிந்தவர் இலங்கைக்குத் தோட்டவேலைக்குப் போய்விட்டார். எழுதிப் போட்டேன். பதில் இல்லை. தோப்பை விற்றவர்கள், அங்கே மரம் தவிர ஒன்றும் இருந்ததில்லை என்றார்கள். விற்றவர்கள் வேறெப்படிச் சொல்வார்கள்?

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குள் போனது ஒரே ஒரு தடவை. கொல்லம் 1121, ஆடி. ஆங்கிலத்தில் 1946. யுத்தக் காலம் முழுவதும் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கண்ணில் படவில்லை. மெழுகு புதுப்பிக்காமல் தளங்களெல்லாம் தேய்ந்து கிடந்தன. எண்ணெய் திரும்ப வரத் தொடங்கியதும் ஆள் வந்தது. உலகம்மாள் காலமாகியிருந்தார். சாவிக்கொத்து கோமதியின் இடுப்பில் இருந்தது. குரல்கூடக் கொஞ்சம் மாமியார் குரலாக மாறியிருந்தது. சங்கரலிங்கம் அவளிடம் கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னான். வெயில் வராமல் மெழுகு போட முடியாது, பார்த்துவிட்டுப் போகிறோம் என்றோம்.

அன்றும் சாரல். உள்ளறையில் இப்போது யாரும் படுப்பதில்லை. நெல் மூட்டை ஒரு ஓரத்தில் கிடந்தது. தளம் வெளுத்திருந்தது. பழைய தடம் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, இன்னொரு வரிசை இருந்தது. அதே மெட்டி இடைவெளி. விரல்கள் மூலையைப் பார்த்திருந்தன. மூலையில் அழுத்தமாகத் தொடங்கி, கதவுக்கு வர வர மங்கியது.

மாடசாமிதான் முதலில் பேசினான். "ஒத்தையில இருந்துது. இப்பம் சோடி சேத்துக்கிட்டு."

குனிந்து முகர்ந்தேன். இலுப்பெண்ணெய்தான். தளத்தில் மெழுகு தேய்ந்திருந்ததால் ஓடு மறுபடி குடித்திருக்கிறது. அது வரைக்கும் எனக்கு விளங்கியது. சட்டைப்பையிலிருந்த நூலை எடுத்துப் பழைய தடத்தை அளந்து முடிச்சுப் போட்டேன். அதே நூலைப் புதிய தடத்தின் மேல் வைத்தேன். முடிச்சு விரல் நுனியில் சரியாக வந்து நின்றது.

கோமதி கதவருகே வந்து நின்றாள். அறைக்குள் வரவில்லை.

"இது எப்பம் இருந்து தாயி?"

"எது?" என்றாள். பிறகு தளத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "நான் அந்த மூலைக்குப் போறதே இல்ல அண்ணாச்சி."

"மெழுகு போடும்போது இதத் தேச்சு எடுக்கப் பாக்கட்டுமா?"

"இருக்கட்டும்" என்றாள். "அது பாட்டுக்கு இருக்கு."

வெயில் வந்ததும் போய் இரண்டு வரிசைக்கும் மேலாகவே மெழுகு போட்டுக் கொடுத்தோம். தேய்த்து முடித்தபோது அறை முழுவதும் ஒரே செம்மை. எங்கள் வழக்கப்படி மூலையில் தொடங்கி, பின்னால் பின்னால் வந்து, கதவில் முடித்தோம். அந்த ஒரு நாள் மட்டும் மாடசாமி என் பக்கத்திலேயே, தோளை ஒட்டியபடி, பின்னால் வந்தான்.

நீங்கள் கேட்பீர்கள். அவள் கால் முதல் வரிசைக்குப் பொருந்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே இரண்டாவது வரிசையும் அவளுக்குப் பொருந்தும். அவளே மூலையில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றி வைத்திருக்கலாம். ஊற்றியதை இல்லை என்று சொல்லவும் அவளுக்குக் காரணம் உண்டு; பேய் பிடித்தவள் என்ற பழைய பேச்சு மறுபடி எழுந்துவிடும். அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஒரு தடவை காலை வைக்கச் சொன்னால் தீர்ந்துவிடும் விஷயம்தான். ஆனால் அந்த அறையில், அந்தப் பெண்ணிடம், காலை வைத்துக் காட்டு என்று இன்னொரு தடவை ஒரு ஆள் சொல்லக் கூடாது என்று எனக்குப் பட்டது. நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றைய குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பாவூர் வீடு, உள்ளறை. இரண்டாம் வரிசை. அளவு முதல் வரிசையின் அளவேதான். யாருடையது என்று சரிபார்க்கவில்லை."

இன்றைக்கும் அது அப்படியே நிற்கிறது.